இளைப்பாறும் மூச்சு

நுழையும்முன்

அச்சம் வந்தால் மூச்சு மாறுகிறது. இதனை அனைவரும் அறிவர். மூச்சை மாற்றினால் அச்சமும் மாறுமா? இவ்வினாவுக்கு யோகியரும் மருத்துவரும் நரம்பியல் அறிஞரும் தத்தம் வழியில் விடை தேடியிருக்கின்றனர். செலவின்றியும் கருவியின்றியும் எவ்விடத்தும் செய்யத்தக்க எளிய மூச்சுப் பயிற்சிகள் மனப்பதற்றத்தை எவ்வாறு தணிக்கின்றன என்பதையும், அவற்றின் எல்லை யாது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

தேர்வறையில் வினாத்தாள் வழங்கப்படுகிறது. மாணவி ஒருத்தி முதல் வினாவைப் படிக்கிறாள். முந்தைய இரவுவரை நன்கறிந்திருந்த விடை நினைவுக்கு வரவில்லை. உள்ளங்கை வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தொண்டை உலர்கிறது. ‘படித்த அனைத்தும் மறந்துவிட்டதே’ என்னும் எண்ணம் எழுந்து அச்சத்தை மேலும் பெருக்குகிறது. இத்தனை மாற்றங்களையும் உணர்ந்த அவள், ஒரு மாற்றத்தை மட்டும் கவனிக்கவில்லை. அவளுடைய மூச்சு குறுகிவிட்டது. மார்பின் மேற்பகுதி மட்டும் விரைந்து விரைந்து ஏறி இறங்குகிறது.

அந்நேரத்தில் ‘அஞ்சாதே’ என்று ஒருவர் கூறினால் அவளது அச்சம் அகன்றுவிடாது. இதயத்தை மெதுவாகத் துடிக்குமாறு அவளால் ஆணையிட இயலாது. வியர்வையை நிறுத்தவும் இயலாது. உலர்ந்த நாவில் நீர் ஊறச் செய்யவும் இயலாது. ஆனால், மூச்சை மெதுவாக வெளியிட அவளால் இயலும். அச்சத்தால் மாறிய உடற்செயல்களுள் அவளது விருப்பத்திற்கு உடனே கட்டுப்படுவது மூச்சு. அதன் வழியாகவே பிறவற்றையும் அவள் எட்ட முடியும்.

சொல்லில் உறையும் மூச்சு

உள்ளத்தின் நிலையை மூச்சைக்கொண்டு உணர்த்துவது தமிழர் பேச்சில் இயல்பாக அமைந்த வழக்காகும். ஓயாமல் உழைப்பவர், ‘மூச்சுவிடக்கூட நேரமில்லை’ என்கிறார். இடைவிடாமல் ஒரு செயலை முடித்தவர், ‘ஒரே மூச்சில் முடித்தேன்’ என்கிறார். அதிர்ச்சியுற்றவர் மூச்சுப்பேச்சற்று நிற்கிறார். கவலை நீங்கியவர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார். ஓய்வு கொள்ளுதலை ‘இளைப்பாறுதல்’ என்கிறோம். ‘இளைப்பு’ என்னும் சொல்லுக்குச் சோர்வு என்பதோடு மூச்சு வாங்குதல் என்னும் பொருளும் உண்டு. ஆகவே, இளைப்பாறுதல் என்பது வாங்கிய மூச்சு தணிதலையும் குறிக்கிறது. ‘ஆசுவாசம்’ என்னும் வடசொல்லுக்குள்ளும் ‘சுவாசம்’ இருக்கிறது. மூச்சு அடங்கினால் உள்ளம் அடங்கும் என்பதைச் சொற்களைப் படைத்த மக்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

பேச்சுக்கும் மூச்சே அடிப்படை. எழுத்தொலிகள் பிறக்கும் முறையைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்குகிறது. உந்தியிலிருந்து மேலெழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா முதலிய உறுப்புகளின் முயற்சியால் வெவ்வேறு எழுத்துகளாகத் தோன்றுகிறது என்பது அதன் கருத்து. வெளியேறும் மூச்சின் மீதே சொல் பயணம் செய்கிறது. மேடையில் ஏறியவுடன் அச்சத்தால் குரல் நடுங்குவதும் சொற்கள் இடையில் அறுபடுவதும் அச்சொற்களைச் சுமக்கும் மூச்சு குலைந்துபோவதனால்தான்.

ஒரு தொழிலுக்கு இரு தலைவர்

அமைதியாக இருக்கும் வளர்ந்த மனிதர் ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 12 முதல் 20 முறை மூச்சுவிடுகிறார். ஒரு நாளில் அது 17,000 முறையைக் கடந்துவிடுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை அவர் அறியாமலே நிகழ்கின்றன. உறங்கும்போதும் நிகழ்கின்றன. மூளையின் அடிப்பகுதியிலுள்ள முகுளம் இதற்கான தாளத்தை உருவாக்குகிறது. அத்தாளத்திற்கேற்ப நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் இடையில் குவிமாடம்போல் அமைந்துள்ள உதரவிதானம் என்னும் தசை சுருங்குகிறது. சுருங்கும்போது அது கீழிறங்கித் தட்டையாகிறது. மார்புக்கூடு விரிகிறது, காற்று உள்ளே நுழைகிறது. உதரவிதானம் தளரும்போது மீண்டும் மேலெழுகிறது, காற்று வெளியேறுகிறது.

இதயத்துடிப்பும் செரிமானமும்கூடத் தாமாகவே நடைபெறுகின்றன. அவற்றிலிருந்து மூச்சு வேறுபடும் இடம் ஒன்று உண்டு. மூச்சுக்குத் தலைவர் இருவர். முகுளம் நடத்திக்கொண்டிருக்கும் இச்செயலைப் பெருமூளை விரும்பியபோது தன் கையில் எடுத்துக்கொள்ளலாம். பாடும்போதும், நீரில் மூழ்கும்போதும், சூடான தேநீரை ஊதி ஆற்றும்போதும் மனிதர் மூச்சைத் தம் விருப்பப்படி ஆள்கின்றனர். கவனம் வேறிடம் சென்றதும் முகுளம் அப்பொறுப்பை மீண்டும் ஏற்கிறது. தானே இயங்குவதாகவும் நம்மால் இயக்கப்படுவதாகவும் மூச்சு அமைந்திருக்கிறது. இந்த இரட்டைத் தன்மையே மூச்சுப் பயிற்சிகள் அனைத்துக்கும் அடிப்படையாகும்.

அச்சத்தில் உடல் செய்யும் பணி

நம் விருப்பத்திற்கு உட்படாத உறுப்புகளைத் தானியங்கு நரம்பு மண்டலம் ஆள்கிறது. அதில் பரிவு நரம்புகள், எதிர்ப்பரிவு நரம்புகள் என இரு பிரிவுகள் உண்டு. ஆபத்துக் காலத்தில் பரிவு நரம்புகள் விழித்தெழுகின்றன. அண்ணீரகச் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது; தசைகளுக்குக் குருதி பாய்கிறது; கண்மணி விரிகிறது; செரிமானம் தணிகிறது; மூச்சு வேகமெடுக்கிறது. எதிர்த்துப் போரிடவோ தப்பி ஓடவோ உடல் ஆயத்தமாகிறது. இந்நிலையை விளக்கிய அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன், அச்சமும் சினமும் உடலில் விளைவிக்கும் மாற்றங்களைப் பற்றிய தம் நூலை 1915ஆம் ஆண்டு வெளியிட்டார்.

காட்டில் விலங்கை எதிர்கொண்ட மனிதருக்கு இவ்வேற்பாடு உயிர்காப்பாக அமைந்தது. ஓடியோ போராடியோ களைத்தபின் ஆபத்து நீங்கும், உடலும் அடங்கும். ஆனால், தேர்வுத்தாளிடமிருந்து ஓடவும் இயலாது. அதனோடு மல்லுக்கட்டவும் இயலாது. நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருப்பவரின் உடல், ஓட்டப் பந்தயத்திற்குரிய ஆயத்தத்தில் தவிக்கிறது. எடுத்த ஆற்றலுக்குச் செலவில்லை. அது நடுக்கமாகவும் படபடப்பாகவும் வெளிப்படுகிறது.

எனினும், படபடப்பு முழுவதும் பகையன்று. 1908ஆம் ஆண்டு இராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் ஆகிய இரு உளவியலாளர்கள் எலிகளைக்கொண்டு ஆய்வு நடத்தினர். தூண்டுதல் மிகக் குறைவாக இருந்தாலும் மிக அதிகமாக இருந்தாலும் கடினமான செயலைக் கற்றல் தடைப்படுவதையும், இடைப்பட்ட அளவில் அது சிறப்பதையும் அவர்கள் கண்டனர். தேர்வுக்கு முன் தோன்றும் சிறு பதற்றம் மாணவரைப் புத்தகத்தின் முன் அமரச் செய்கிறது. பந்தயத்திற்கு முன் தோன்றும் துடிப்பு வீரரின் கால்களுக்கு விரைவூட்டுகிறது. யாழின் நரம்பு தளர்ந்திருந்தால் ஒலி எழாது; அளவுமீறி முறுக்கினால் நரம்பு அறுந்துவிடும். மூச்சுப் பயிற்சியின் நோக்கம் நரம்பைக் கழற்றி வைப்பதன்று. அதனைச் சுருதி சேர்ப்பதாகும்.

ஒரு சிறு கணக்கு

விரைந்து மூச்சுவிட்டால் உடலுக்கு மிகுதியான காற்று கிடைக்கும் என்று பலரும் எண்ணுவர். ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும்.

இயல்பாக உள்ளிழுக்கும் ஒரு மூச்சின் அளவு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர். இதில் சுமார் 150 மில்லிலிட்டர் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் ஆகியவற்றிலேயே தங்கிவிடுகிறது. அது நுரையீரலின் காற்றுப்பைகளை அடைந்து குருதியோடு உறவாடுவதில்லை. ஒருவர் நிமிடத்திற்கு 30 முறை, முறைக்கு 250 மில்லிலிட்டர் வீதம் மேலோட்டமாக மூச்சுவிடுவதாகக் கொள்வோம். அவர் இழுக்கும் மொத்தக் காற்று 7,500 மில்லிலிட்டர். வழியில் தங்குவது 30 × 150 = 4,500 மில்லிலிட்டர். பயன்படுவது 3,000 மில்லிலிட்டர் மட்டுமே. மற்றொருவர் நிமிடத்திற்கு 10 முறை, முறைக்கு 750 மில்லிலிட்டர் வீதம் ஆழ்ந்து மூச்சுவிடுகிறார். அவர் இழுப்பதும் அதே 7,500 மில்லிலிட்டர்தான். ஆனால், வழியில் தங்குவது 1,500. பயன்படுவது 6,000 மில்லிலிட்டர். இழுத்த காற்று ஒன்றே. கிடைத்த பயன் இருமடங்கு.

ஆழமாகவும் விரைவாகவும் மூச்சு வாங்கினால் வேறொரு தொல்லை நேர்கிறது. உடலின் தேவைக்கு மிஞ்சி மூச்சுவிடும்போது குருதியிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் அளவு குறைந்துவிடுகிறது. அது வெறும் கழிவு அன்று. குருதியின் அமில காரச் சமநிலையைக் காப்பதில் அதற்குப் பங்குண்டு. அதன் அளவு குறைந்தால் மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை சுற்றுகிறது, விரல் நுனிகளும் உதடுகளும் மரத்துப்போகின்றன, காற்றுப் போதவில்லை என்னும் உணர்வு தோன்றுகிறது. அதனால் அஞ்சியவர் மேலும் விரைந்து மூச்சிழுக்கிறார். அச்சம் மூச்சை விரட்ட, மூச்சு அச்சத்தை வளர்க்க, இரண்டும் ஒன்றையொன்று துரத்தும் சுழல் உருவாகிறது. ‘நன்றாக மூச்சை இழு’ என்னும் வழக்கமான அறிவுரையைவிட, ‘மெதுவாக மூச்சை விடு’ என்பதே பதற்றமுற்றவருக்குப் பெரிதும் பொருந்தும்.

வெளிமூச்சின் ஆற்றல்

மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார்த்தபடி ஆழ்ந்து மூச்சுவிட்டால் ஒரு வியப்பை உணரலாம். மூச்சு உள்ளே செல்லும்போது நாடி சற்று விரைகிறது. மூச்சு வெளியேறும்போது சற்றுத் தணிகிறது. இளையோரிடம் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். செருமானிய உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக் 1847ஆம் ஆண்டிலேயே கருவியின் துணைகொண்டு இதனைப் பதிவு செய்தார். இது நோயன்று, நலமுள்ள இதயத்தின் இயல்பு.

இதற்குக் காரணமானது வேகஸ் என்னும் பத்தாவது மூளை நரம்பு. ‘அலைந்து திரிவது’ என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். பெயருக்கேற்ப அது மூளையின் அடியில் தொடங்கிக் கழுத்து, இதயம், நுரையீரல், வயிறு எனப் பல இடங்களுக்கும் கிளைத்துச் செல்கிறது. எதிர்ப்பரிவு நரம்புகளுள் முதன்மையானது இதுவே. பரிவு நரம்புகள் வண்டியை விரைவுபடுத்தும் விசை என்றால், வேகஸ் அதன் தடை. உள்மூச்சின்போது இத்தடை சற்றுத் தளர்கிறது, வெளிமூச்சின்போது இறுகுகிறது. ஆகவே, உள்மூச்சைவிட வெளிமூச்சை நீட்டுபவர், தம்மை அறியாமலே இதயத்தின் தடையை நெடுநேரம் அழுத்துகிறார். இதயத்திற்கு நேராக ஆணையிட இயலாத மனிதர், மூச்சின் வழியாகத் தூது அனுப்புகிறார்.

தெரிந்து தெளிவோம்

வேகஸ் நரம்பு இதயத்தை எவ்வாறு தணிக்கிறது என்பதை ஆஸ்திரியாவில் பணியாற்றிய ஆட்டோ லோவி 1921ஆம் ஆண்டு கண்டறிந்தார். அதற்கான ஆய்வுமுறை அவருக்கு இரவில் தோன்றியது. பாதித் தூக்கத்தில் குறித்து வைத்ததைக் காலையில் அவராலேயே படிக்க இயலவில்லை. மறுநாள் இரவு அதே எண்ணம் மீண்டும் தோன்ற, உடனே எழுந்து ஆய்வகம் சென்றார். உப்புநீர்க் கரைசலில் துடித்துக்கொண்டிருந்த ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்புத் தணிந்தது. அக்கரைசலை எடுத்து மற்றோர் இதயத்தின்மீது செலுத்தினார். நரம்பைத் தொடாமலே அதன் துடிப்பும் தணிந்தது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே இதயத்தை அமைதிப்படுத்துகிறது என்பது உறுதியாயிற்று. இப்பொருளே அசிட்டைல்கோலின். இத்துறை ஆய்வுகளுக்காக லோவியும் ஹென்றி டேலும் 1936ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மூச்சை அளந்தோர்

வெளிமூச்சு நீண்டிருத்தல் வேண்டும் என்னும் கருத்து தமிழுக்குப் புதிதன்று. திருமூலரின் திருமந்திரம் ஒன்பது தந்திரங்களைக் கொண்டது. அதன் மூன்றாம் தந்திரம் எண்வகை யோக உறுப்புகளை விளக்குகிறது. அவற்றுள் ஒன்று மூச்சுப் பயிற்சியாகிய பிராணாயாமம். மூச்சை உள்ளிழுத்தலைப் பூரகம் என்றும், உள்ளே நிறுத்துதலைக் கும்பகம் என்றும், வெளியிடுதலை இரேசகம் என்றும் திருமூலர் வழங்குகிறார். இவற்றுக்கு முறையே 16, 64, 32 மாத்திரை எனக் காலஅளவும் கூறுகிறார். உள்மூச்சைப்போல் வெளிமூச்சு இருமடங்கு நீண்டிருப்பது இக்கணக்கில் குறிப்பிடத்தக்கது. எழுத்தொலியை அளக்க இலக்கணத்தார் கொண்ட மாத்திரை என்னும் சொல்லே இங்கு மூச்சை அளக்கவும் பயன்படுகிறது. கண்ணிமைப்பும் கைநொடிப்பும் கடிகாரமாக இருந்த காலம் அது. திருமூலரின் நோக்கம் தேர்வச்சத்தைத் தணிப்பதன்று. ஆன்ம விடுதலையே அவரது நோக்கம். ஆயினும், மூச்சை எண்ணிக்கையால் நெறிப்படுத்த இயலும் என்னும் தெளிவு அவரிடம் காணப்படுகிறது.

யோகியர் பட்டறிவால் உணர்ந்தவற்றைக் கருவிகளால் அளந்துபார்க்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில் தொடங்கியது. சுவாமி குவலயானந்தர் 1924ஆம் ஆண்டு மகாராட்டிரத்தின் லோனாவ்லாவில் கைவல்யதாமம் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் உடலில் விளைவிக்கும் மாற்றங்கள் அங்கே ஆராயப்பட்டன. அம்முடிவுகளை வெளியிட ‘யோக மீமாம்சா’ என்னும் இதழும் அதே ஆண்டில் தொடங்கப்பட்டது.

2001ஆம் ஆண்டு, இத்தாலியைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் பிரித்தானிய மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இலத்தீன் மொழியில் செபமாலை செபிப்பவர்களின் மூச்சையும் யோக மந்திரம் ஓதுபவர்களின் மூச்சையும் அவர்கள் அளந்தனர். சமயமும் மொழியும் வேறாயினும், இரண்டிலும் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 என்னும் அளவுக்குத் தணிந்தது. அந்த வேகத்தில் இதயத்துடிப்பும் குருதியழுத்தமும் ஒரே தாளத்தில் இசைந்து இயங்குவதை அவர்கள் கண்டனர். நீண்ட தொடரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும்போது வெளிமூச்சு தானாகவே நீள்கிறது. ஓதுதலும் பாடுதலும் உள்ளத்தை ஆற்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

பெருமூச்சு கற்பிக்கும் பாடம்

பெருமூச்சைத் துயரத்தின் அடையாளமாகக் கருதுவது வழக்கம். ஆனால், துயரமில்லாத மனிதரும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தம்மை அறியாமல் பெருமூச்சு விடுகின்றனர். நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப்பைகள் உள்ளன. அவற்றுட் சில அவ்வப்போது சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. வழக்கமான மூச்சின் மேல் மற்றொரு மூச்சை ஏற்றி இழுக்கும்போது அவை மீண்டும் விரிகின்றன. பெருமூச்சு நுரையீரல் தன்னைத்தானே செப்பனிட்டுக்கொள்ளும் செயலாகும்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனைப் பயிற்சியாக்கிப் பார்த்தனர். பங்கேற்றோர் நாள்தோறும் 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் பயிற்சி செய்தனர். ஒரு பிரிவினர் தியானமும், பிறர் வெவ்வேறு மூச்சுப் பயிற்சிகளும் மேற்கொண்டனர். 2023ஆம் ஆண்டு வெளியான முடிவுகளின்படி, எல்லாப் பிரிவினரிடமும் பதற்றம் குறைந்தது. பெருமூச்சைப்போல் இருமுறை இழுத்து நெடிதாக வெளிவிட்டவர்களின் மனநிலை ஏனையோரைவிடச் சிறப்பாக மேம்பட்டிருந்தது.

மூச்சின் தாளம் மனத்தை எட்டும் பாதை ஒன்றையும் அறிவியலாளர் எலிகளிடம் கண்டறிந்துள்ளனர். 2017ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வின்படி, மூச்சின் தாளத்தை உருவாக்கும் நரம்பணுக்களுள் ஒரு சிறு தொகுதி, மூளையை விழிப்பூட்டும் பகுதிக்குச் செய்தி அனுப்புகிறது. அத்தொகுதியை நீக்கியபின்னும் எலிகள் மூச்சுவிட்டன. ஆனால், வழக்கத்தைவிட அமைதியாக இருந்தன. விரைந்த மூச்சு ‘ஆபத்து’ என்று மூளைக்கு அறிவிக்கிறது. மெல்லிய மூச்சு ‘அச்சமில்லை’ என்கிறது.

எளிய பயிற்சிகள் மூன்று

வயிற்று மூச்சு: முதுகை நிமிர்த்தி, தோள்களைத் தளர்த்தி அமர்தல் வேண்டும். ஒரு கையை மார்பின்மீதும் மற்றொரு கையை வயிற்றின்மீதும் வைத்துக்கொள்ள வேண்டும். மூக்கின் வழியே மெதுவாக மூச்சிழுக்கும்போது வயிற்றின்மீதுள்ள கை உயர வேண்டும். மார்பின்மீதுள்ள கை பெரிதும் அசையாதிருக்க வேண்டும். மூச்சு வெளியேறும்போது வயிறு மெல்ல உள்ளடங்கும். உறங்கும் குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தவருக்கு இப்பயிற்சி எளிதில் விளங்கும்.

நான்கும் ஆறும்: மனத்துக்குள் ஒன்று முதல் நான்கு வரை எண்ணியவாறு மூக்கின் வழியே மூச்சை இழுக்க வேண்டும். நிறுத்தாமல், ஒன்று முதல் ஆறு வரை எண்ணியவாறு வெளியிட வேண்டும். ஓர் எண்ணுக்கு ஒரு நொடி எனக் கொண்டால் ஒரு மூச்சுக்குப் பத்து நொடிகள். நிமிடத்திற்கு ஆறு மூச்சுகள். தொடக்கத்தில் கடினமாகத் தோன்றினால் மூன்றும் நான்கும் எனக் குறைத்துக்கொள்ளலாம். எண்ணிக்கையைவிட, வெளிமூச்சு நீண்டிருப்பதே முதன்மையானது. ஐந்து நிமிடம் இவ்வாறு செய்தல் போதுமானது.

இரட்டை இழுப்புப் பெருமூச்சு: மூக்கின் வழியே ஓர் ஆழ்ந்த மூச்சை இழுக்க வேண்டும். அது நிறைந்ததும், அதன்மேல் மற்றொரு சிறு மூச்சை இழுக்க வேண்டும். பின்னர் வாய் வழியே, தேநீரை ஊதி ஆற்றுவதுபோல், மெல்ல நெடிதாக முழுவதையும் வெளியிட வேண்டும். வினாத்தாளைக் கண்டு மனம் திகைக்கும் நேரத்தில், அருகிலிருப்பவர் அறியாதவாறு இரண்டு அல்லது மூன்று முறை இதனைச் செய்யலாம்.

வெள்ளம் வந்தபின் நீச்சல் பழக இயலாது. அமைதியான நாள்களில் பழகிய பயிற்சியே பதற்றமான நேரத்தில் கைகொடுக்கும். சடுகுடு ஆட்டத்தில் பாடிச் செல்பவர், எதிரணியினர் எழுவர் சூழ நிற்கும் களத்தில் மூச்சை விட்டுவிடாமல் பாடுகிறார். அம்மூச்சு அன்றைய களத்தில் பிறந்ததன்று. பல மாதப் பயிற்சியில் பிறந்தது. காலையில் படிக்கத் தொடங்கும் முன்னும் இரவில் உறங்கச் செல்லும் முன்னும் ஐந்து நிமிடம் ஒதுக்குபவருக்குத் தேர்வறையில் அந்த மூச்சு துணைநிற்கும்.

கவனிக்க வேண்டியவை

பயிற்சியின்போது தலைசுற்றலோ மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி, இயல்பாக மூச்சுவிட வேண்டும். மூச்சை வலிந்து அடக்குதல் கூடாது. திருமூலர் கூறும் கும்பகம் முதலியவை ஆசிரியரின் துணையோடு பல காலம் பழக வேண்டியவை. நூலைப் படித்துத் தானே முயலத்தக்கவை அல்ல. ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு ஆகியவை உள்ளோர் மருத்துவரைக் கலந்தபின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

கிணற்றிலோ குளத்திலோ மூழ்குவதற்கு முன் நீண்ட நேரம் நீருக்குள் இருக்கலாம் என்று எண்ணிப் பலமுறை விரைந்து மூச்சு வாங்குவது உயிருக்கே கேடாகும். மூச்சுவிட வேண்டும் என்னும் தவிப்பைத் தூண்டுவது குருதியிலுள்ள கார்பன் டை ஆக்சைடு. விரைந்த மூச்சு அதனை முன்கூட்டியே வெளியேற்றிவிடுகிறது. ஆக்சிஜன் தீர்ந்துபோன பின்னும் அத்தவிப்பு எழாது. எச்சரிக்கையின்றி நீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இவ்வாறு உயிரிழக்க நேர்கிறது. எந்த மூச்சுப் பயிற்சியையும் நீரில் செய்தல் ஆகாது.

மூச்சால் ஆகாதவை

மூச்சுப் பயிற்சி மந்திரக்கோல் அன்று. படிக்காத பாடத்தை அது நினைவூட்டாது. படித்ததை நினைவுகூரத் தடையாக நிற்கும் பதற்றத்தைச் சற்று விலக்கும். கடனையோ வறுமையையோ நோயையோ அது தீர்க்காது; அவற்றை எவ்வாறு எதிர்கொள்வது என எண்ணிப்பார்க்கச் சிறிது இடைவெளியை உருவாக்கித் தரும்.

அஞ்சத்தக்க காரணம் வெளியில் இருக்கும்போது அக்காரணத்தையே களைய வேண்டும். ஒரு மாணவர் வகுப்பில் கேலிக்கும் அவமதிப்புக்கும் ஆளாகிறார் எனில், அவரை ‘ஆழ்ந்து மூச்சுவிடு’ என்று கூறி அனுப்பிவிடுவது தீர்வன்று. தவறு இழைப்பவரைத் தடுப்பதே தீர்வு. வீட்டில் வன்முறையை எதிர்கொள்பவருக்குத் தேவை பாதுகாப்பு. ஓய்வின்றி உழைப்பவருக்குத் தேவை ஓய்வு. துன்புறுபவரின் பொறுமையை மட்டும் வளர்த்துவிட்டு, துன்பத்தின் ஊற்றை அப்படியே விட்டுவைப்பது அறமாகாது.

பதற்றம் வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, உறக்கமும் உணவும் குறைந்தாலோ, பள்ளிக்குச் செல்லவே அச்சம் ஏற்பட்டாலோ, வாழ்வின்மீது வெறுப்புத் தோன்றினாலோ பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் தயங்காமல் கூற வேண்டும். மருத்துவரின் உதவியை நாட வேண்டும். காய்ச்சலுக்கு மருத்துவரை அணுகுவதில் வெட்கமில்லை. மனத்துயருக்கு அணுகுவதிலும் வெட்கம் வேண்டியதில்லை. இந்திய அரசு 2022ஆம் ஆண்டு தொடங்கிய மனநல உதவித் தொலைபேசிச் சேவையின் எண் 14416. தமிழ்நாட்டில் 104 என்னும் எண்ணிலும் ஆலோசனை பெறலாம். இரு சேவைகளிலும் தமிழில் பேசலாம்.

மீண்டும் தேர்வறை

தேர்வறையில் அமர்ந்திருந்த மாணவி எழுதுகோலைக் கீழே வைக்கிறாள். இருமுறை மூச்சை இழுத்து, மெல்ல நெடிதாக வெளியிடுகிறாள். மீண்டும் ஒருமுறை, மேலும் ஒருமுறை. ஒரு நிமிடம்கூடக் கழியவில்லை. வினாத்தாள் மாறவில்லை, வினாக்களும் எளிதாகிவிடவில்லை. ஆனால், மங்கலாய்த் தெரிந்த எழுத்துகள் தெளிகின்றன. முதல் வினாவை விடுத்து, விடை தெரிந்த மூன்றாம் வினாவிலிருந்து தொடங்கலாம் என்னும் எண்ணம் எழுகிறது. அச்சத்தின் பிடியில் இருந்தபோது அந்த எளிய வழி அவளுக்குத் தோன்றவில்லை.

பிறந்த நொடியில் தொடங்கி இறுதிவரை உடன்வரும் துணை மூச்சு. அது அழைக்காமலே வருகிறது. நன்றியை எதிர்பாராமல் உழைக்கிறது. நாளின் சில நிமிடங்கள் அதனைக் கவனித்துப் பழகியவர், பதற்றம் மேலிடும்போது அதனிடம் திரும்பிச் செல்லும் வழியை அறிவார். அவ்வழி ஒரு நெடிய வெளிமூச்சின் தொலைவில்தான் இருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. அமைதியாக அமர்ந்திருக்கும்போதும், மாடிப்படி ஏறி இறங்கிய உடனும், ஐந்து நிமிடம் ‘நான்கும் ஆறும்’ பயிற்சி செய்தபின்னும் ஒரு நிமிடத்திற்கான மூச்சின் எண்ணிக்கையையும் நாடித்துடிப்பையும் கணக்கிட்டு அட்டவணைப்படுத்துக.

2. ‘மூச்சு’ என்னும் சொல் இடம்பெறும் தொடர்களை உங்கள் பகுதியின் பேச்சுவழக்கிலிருந்து திரட்டி, அவை உணர்த்தும் மனநிலைகளைக் குறிப்பிடுக.

3. ‘தேர்வச்சத்தைத் தணிப்பதில் மாணவரின் பங்கு, பெற்றோரின் பங்கு, பள்ளியின் பங்கு’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.